புள்ளித் திட்டத்தை முதலே காட்டிவிடும் வகுப்பு: வவுனியாவில் ஒரு வார இறுதிப் பாடநெறி பற்றிய மதிப்பீடு

வவுனியா நகரில், கண்டி வீதியிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில், சனி ஞாயிறு தினங்களில் பட்டப் பாடநெறி நடத்தும் ஒரு கட்டணக் கல்வி நிலையத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. பட்டத்தை வழங்குவது வேறு மாகாணத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகம். வகுப்புகளை நடத்துவதும், ஒப்படைகளைத் திருத்தித் தொடர் மதிப்பீட்டுக்கான 40 வீதப் புள்ளியை வழங்குவதும் இந்த நிலையம். மீதி 60 வீதம் இறுதிப் பரீட்சைக்கு உரியது. கீழே குறை சொல்லும் பகுதிகளும் வருவதால் நிலையத்தின் பெயரையோ விரிவுரையாளர்களின் பெயர்களையோ எழுதவில்லை. வவுனியாவில் பட்டப்படிப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வரக்கூடிய, பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்.

என் முடிவையும் முதலே சொல்லிவிடலாம். இந்த அரையாண்டில் நான் படித்த பாட அலகுகளுள் கட்டிய பணத்துக்கு முழுப் பெறுமதி தந்தது ஒன்றே ஒன்று: ‘ஆய்வு முறையியலும் அடிப்படைப் புள்ளிவிபரவியலும்’. அதன் விரிவுரையாளர் மற்றவர்களைவிட அதிகம் படித்தவரோ, நாவன்மை மிக்கவரோ என்று சொல்ல மாட்டேன். தான் என்ன எதிர்பார்க்கிறார், ஏன் எதிர்பார்க்கிறார், எதற்கு எவ்வளவு புள்ளி போடுவார் என்பவற்றை மாணவரிடமிருந்து மறைத்து வைக்காமல் வகுப்பை நடத்தினார், வேறுபாடு அவ்வளவுதான். அந்த ஒரு வேறுபாடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

வகுப்புக்கு வருபவர்கள் யார் என்று தெரியாமல் இதன் பெறுமதி விளங்காது. மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, செட்டிகுளம் எனப் பல பக்கங்களிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வருகிறார்கள். பெரும்பாலானோர் என்னைப் போல முகாமைத்துவ உதவியாளர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவர்கள், வங்கி ஊழியர்கள், முன்பள்ளி ஆசிரியைகள் ஆகியோரும் உள்ளனர். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு கிடைத்தும் வீட்டு நிலைமையால் வேலைக்குப் போனவர்கள் பலர். இசட் புள்ளி சற்றே குறைந்து பல்கலைக்கழக அனுமதி கைநழுவியவர்கள் சிலர். தம் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதித்த முதல் ஆள் தாமே என்பவர்கள்தான் வகுப்பில் அதிகம். வன்னியில் அது வியப்பான செய்தி இல்லை. உயர்கல்வி இங்கே காலூன்றியதே அண்மைக் காலத்தில்தான்: 1991இல் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதிதான் தனிப் பல்கலைக்கழகமானது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்கத் தொடங்கியதும் போருக்குப் பின்னரே. இடையிலே இடப்பெயர்வில் கரைந்த ஆண்டுகளை இங்கு யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நமது நாட்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் வரை எல்லாமே ஓரளவு வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. உயர்தரப் பாடம் ஒவ்வொன்றுக்கும் பரீட்சைத் திணைக்களம் புள்ளித் திட்டத்தோடு மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகிறது. எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே வழுக்கினார்கள் என்பது வரை அதில் இருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் கைந்நூல் வெளியிட்டு, மாவட்ட வாரியாக, கற்கைநெறி வாரியாக, ஆகக் குறைந்த இசட் புள்ளி எது என்று அறிவிக்கிறது. 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற ஒதுக்கீடு, வன்னியின் மாவட்டங்கள் அந்தக் கடைசிப் பிரிவில் அடங்குவதால், எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இருப்பவருக்கும் தெரியும். ஆனால் உள்ளே நுழைந்த பின்னர், ஓர் ஒப்படைக்கு 20க்கு 11 ஏன் வந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல எவரும் இல்லாத நிலை பல இடங்களில் இருக்கிறது. உள்ளே போவதற்கான விதி தெரியும், உள்ளே போனபின் விளையாட்டின் விதி தெரியாது என்ற இந்த முரண்பாட்டை நான் பணம் கட்டிப் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இனி வகுப்புக்கு வருவோம். முதல் நாள் இந்த விரிவுரையாளர் ‘அறிமுகம்’ என்று ஒரு மணித்தியாலத்தைப் போக்கவில்லை. அரையாண்டு முழுவதற்குமான திட்டத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எந்த வாரம் எந்தத் தலைப்பு, எந்த வாரம் ஒப்படை, எந்த ஒப்படை எந்தக் கற்றல் பேற்றைச் சோதிக்கிறது என்பன அதில் இருந்தன. அதைவிட முக்கியமானதாக எனக்குப் பட்டது நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமை அலகு என்பது மாணவருடைய 50 மணித்தியால உழைப்பு. ஆகவே மூன்று திறமை அலகுகள் கொண்ட இந்தப் பாடத்துக்கு 150 மணித்தியாலங்கள் தேவை. அதில் 45 மணித்தியாலங்கள் மட்டுமே விரிவுரை. மீதி 105 மணித்தியாலங்களும் உங்கள் வீட்டில், உங்கள் மேசையில் கழிய வேண்டியவை என்று பலகையில் எழுதிக் காட்டினார். வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பயனுள்ள செய்தி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வகுப்புக்கு வந்து குறிப்பை எழுதிக்கொண்டு போனால் பாடம் முடிந்தது என்று நினைத்திருந்த பலர், அன்றே தம் வாரத்தைத் திருத்தி அமைத்தார்கள். ஒருவர் அடுத்த வாரமே விலகியும் விட்டார். அதையும் நான் நன்மைப் பக்கத்திலேயே எழுதுவேன், ஏனென்றால் முழுக் கட்டணத்தையும் கட்டிய பின்னர் விலகுவதைவிட அது மேல்.

வாராந்தத் திட்டம் கையில் இருப்பதன் அருமை மழைக்காலத்தில் தெரிந்தது. கார்த்திகை மார்கழியில் தண்ணீர் வீதியை மேவிப் பாயும்போது உட்கிராமங்களிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து சேர்வதே சிலருக்குப் பாடு. காலபோக அறுவடைக் காலத்தில் வீட்டு வயலை விட்டுவிட்டு வர முடியாதவர்களும் உண்டு. மற்றப் பாட அலகுகளில் ஒரு சனிக்கிழமையைத் தவறவிட்டவர், அன்று என்ன நடந்தது என்பதை வட்ஸ்அப் குழுவில் கெஞ்சிக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. இந்தப் பாடத்தில் அவர் விட்ட இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார்.

ஒப்படைத் தாள்கள் எல்லாம் மூன்று பகுதிகளாக அமைந்திருந்தன: இதை ஏன் செய்கிறீர்கள், என்ன செய்ய வேண்டும், எப்படி மதிப்பிடப்படும். இந்த அமைப்பு இவருடைய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் மேரி ஆன் விங்கெல்மஸ் என்ற கல்வியாளர் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் லாஸ் வேகாசிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் முன்னெடுத்த, கற்றல் கற்பித்தலில் வெளிப்படைத்தன்மை பற்றிய திட்டத்தின் அச்சாணியே நோக்கம், பணி, அளவுகோல் என்ற இந்த மூன்றும்தான். அவரும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஏழு உயர்கல்வி நிறுவனங்களில் நடத்தப்பட்டது. ஆசிரியர்கள் ஓர் அரையாண்டில் இரண்டே இரண்டு ஒப்படைகளை மட்டும் இந்த முறையில் திருத்தி எழுதினார்கள். அதன் பின்னர் மாணவர்களின் தன்னம்பிக்கையும், இந்த இடம் எனக்கும் உரியது என்ற உணர்வும், தாம் பெற்றுக்கொண்ட திறன்கள் பற்றிய தெளிவும் கூடியிருந்தன. எல்லா மாணவருக்கும் நன்மை இருந்தது; குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கும் வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அது இன்னும் கூடுதலாக இருந்தது. வன்னி வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கடைசிச் செய்தி தூரதேசத்துச் செய்தியாகப் படாது.

முதலாவது ஒப்படையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பாட அலகின் முழுச் சாரமும் அதில்தான் இருந்தது. நீர்ப்பாசனக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணும் விவசாயிகள் அறுவடை முடிந்த கையோடு, விலை குறைவாக இருந்தும், நெல்லை விற்றுவிடுவதற்கான காரணங்களை அறிய ஒரு வினாக்கொத்தையும் மாதிரி எடுக்கும் திட்டத்தையும் தயாரிக்க வேண்டும். மொத்தம் 20 புள்ளி: வினாக்களின் தெளிவுக்கு 6, மாதிரித் தெரிவுக்கு 5, நோக்கத்துக்கும் வினாக்களுக்கும் உள்ள பொருத்தத்துக்கு 4, சொந்தச் சிந்தனைக்கு 3, மொழிக்கு 2. நாங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்னரே, முந்தைய அணியினர் எழுதிய இரண்டு விடைகளைப் பெயர் நீக்கிக் கொண்டுவந்து, புள்ளியை மறைத்துவிட்டு, இந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே திருத்துங்கள் என்றார்.

முதலாவது விடை கணினியில் அச்சிடப்பட்டிருந்தது. வன்னியின் வேளாண்மைப் பெருமை பற்றி ஒரு பக்க முன்னுரை, நல்ல தமிழ், நேர்த்தியான அட்டவணை. வகுப்பில் பெரும்பாலானோர் அதற்கு 15, 16 என்று அள்ளிப் போட்டோம். அவர் போட்டிருந்தது 9. இரண்டாவது விடை கையெழுத்தில், அங்கங்கே வெட்டித் திருத்தி எழுதப்பட்டிருந்தது. நாங்கள் 10க்கு மேலே போகவில்லை, அவரோ 14 போட்டிருந்தார். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னர் ஒவ்வொரு வரியாக எடுத்துக் காட்டினார். அச்சிட்ட விடையின் நான்காவது வினா: ‘உர மானியமும் வங்கிக் கடனும் உங்களுக்குப் போதுமானவையா?’ ஒரு விவசாயி இதற்கு ‘ஓம்’ என்றால் எதற்கு ஓம், மானியத்துக்கா, கடனுக்கா? இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டு ஒரு பதிலை வாங்கினால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. மாதிரி பற்றிய பகுதியில், சந்தைக்கு நெல் கொண்டுவரும் 30 விவசாயிகளைக் கேட்பதாக எழுதப்பட்டிருந்தது. நெல்லைச் சாக்கில் கட்டி வீட்டு அறையில் அடுக்கிவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பவர் சந்தைக்கே வர மாட்டார். ஆகவே விற்காதவரின் காரணம் இந்த ஆய்வில் ஒருபோதும் அகப்படாது. விற்றவரை மட்டும் கேட்டுவிட்டு ஏன் விற்கிறார்கள் என்று எப்படி ஒப்பிட்டுச் சொல்வீர்கள் என்று அவர் கேட்டபோது, முதல் வரிசையில் இருந்த கூட்டுறவுச் சங்க ஊழியர், தங்கள் சங்கம் நடத்தும் கணக்கெடுப்புகள் எல்லாமே இப்படித்தான் என்று முணுமுணுத்தார். கையெழுத்து விடையை எழுதியவரோ கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் பட்டியலை வாங்கி, எட்டுப் பேருக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்து, அவர் வீட்டில் இல்லாவிட்டால் மறுநாள் மாலை போவதென்பது வரை எழுதியிருந்தார். அவர் புள்ளி இழந்ததற்கும் காரணம் இருந்தது: ‘இடைத்தரகர்கள் விலையைக் குறைப்பதால்தான் உடனே விற்கிறீர்களா?’ என்று பதிலை வினாவுக்குள்ளேயே திணித்த ஒரு வினா, மொழித் தவறுகள் சில.

ஒரு பிற்பகலில் நான் கற்றுக்கொண்டது இது. வேறெந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவைத் தரவில்லை. அலுவலகத்தில் அமைச்சுகளிலிருந்து வரும் படிவங்களை ஆண்டு முழுவதும் நிரப்பி அனுப்புபவள் நான். அவற்றில் எத்தனை வினாக்கள் இரட்டை வினாக்கள் என்பது அதன் பின்னர்தான் கண்ணில் குத்தத் தொடங்கியது. அது வேறு கதை.

புள்ளித் திட்டத்தோடு வாதாடவும் இடமிருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, மொழிக்கு 2 புள்ளி மட்டும் ஒதுக்கியது சரியில்லை, எங்கள் கிளையில் பிழையோடு எழுதிய அறிக்கையை முகாமையாளர் வாசிக்கவே மாட்டார் என்றார். இந்தப் பாட அலகு சோதிப்பது ஆய்வின் வடிவமைப்பைத்தான் என்று விரிவுரையாளர் முதலில் தன் நிலையை விளக்கினார். ஆனால் இரண்டாவது ஒப்படையில் அறிக்கை எழுதும் பகுதியும் வருவதால் அதில் மொழிக்கு 3 புள்ளி தருவதாக ஒப்புக்கொண்டு, அப்படியே செய்தார். மாணவர் கேட்டதால் திட்டம் மாறிய ஒரே சந்தர்ப்பம் அது. அதுவும் நடந்து முடிந்த ஒப்படைக்கு மாறவில்லை, வரப்போவதற்கே மாறியது. இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

வேறொருவர், ‘சேர், எல்லாத்தையும் முதலே காட்டினா எல்லாரும் ஒரே மாதிரி எழுத மாட்டினமா?’ என்று கேட்டார். ‘எழுதட்டும் தம்பி. எல்லாரும் ஒரே மாதிரிச் சரியா எழுதினா எனக்கென்ன நட்டம்?’ என்பதே பதில். சிரிப்பு அடங்கிய பின்னர், ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளத்தையும் தம் ஊர் அமைப்பையும் வைத்தே எழுத வேண்டும் என்பதால் பார்த்து எழுத வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். முத்தையன்கட்டுக்கு எழுதியதை வவுனிக்குளத்துக்குப் பெயர் மாற்றிக் கொடுத்த இருவர் பிடிபட்டதும் உண்மை. நீர்ப்பங்கீட்டு ஒழுங்கு இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருக்காது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் திறந்து காட்டுவது மாணவருக்கு ஊட்டிவிடுவதாகும் என்ற கருத்து நம்மிடையே வலுவாக உண்டு. பல்கலைக்கழகத்தில் படிப்பவர் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பார்கள். தேட வேண்டியது பாடத்தின் விடையையா, ஆசிரியரின் மனதில் உள்ளதையா என்பதுதான் என் கேள்வி. ஆசிரியரின் மனதில் உள்ளதை ஊகிப்பதற்கு ஒரே வழி சீனியர்மார். சென்ற ஆண்டுக் குறிப்பும், இந்தச் சேருக்கு இப்படி எழுதினால்தான் பிடிக்கும் என்ற இரகசியமும் அண்ணன் அக்காமார் உள்ள வீடுகளிலிருந்தும், விடுதி அறைகளிலிருந்தும் கைமாறி வருகின்றன. துணுக்காயிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒருவருக்கு அந்தக் கைமாற்றம் எட்டாது. மறைத்து வைத்த விதி எல்லோருக்கும் மறைவாக இருப்பதில்லை. தொடர்பு உள்ளவருக்கு அது தெரிந்துவிடுகிறது, இல்லாதவருக்குத்தான் திறமைக் குறைவாகப் புள்ளிப் பட்டியலில் வந்து நிற்கிறது. இந்தப் பாட அலகில் சீனியர் குறிப்புக்கு விலை இல்லாமல் போய்விட்டது. நகரில் போட்டோக்கொப்பிக் கடையொன்றில் மற்ற எல்லாப் பாடங்களின் பழைய குறிப்புகளும் அடுக்கி வைத்து விற்கப்படுகின்றன. இந்தப் பாடத்துக்கு மட்டும் குறிப்புக் கட்டு இல்லை.

குறைகளும் உண்டு. ஒப்படைத் தாள்கள் அளவுக்கு மீறி நீண்டவை. இரண்டாவது ஒப்படைக்கான அறிவுறுத்தல் நான்கு பக்கம். களைத்து வரும் ஒருவர் அதை முழுவதும் வாசிக்க மாட்டார் என்பதால், எது முக்கியம் எது துணை விவரம் என்று பிரித்துக் காட்டியிருக்கலாம். வெளிப்படையாகச் சொல்வதும் விலாவாரியாகச் சொல்வதும் ஒன்றில்லை. சொந்தச் சிந்தனைக்கு 3 புள்ளி என்ற பகுதி இறுதிவரை மூடுமந்திரமாகவே இருந்தது. கேட்டபோது, பார்த்தால் தெரியும் என்ற வழமையான பதிலே இவரிடமிருந்தும் வந்தது. இதில் மட்டும் இவர் மற்ற எல்லோரையும் போலத்தான். திட்டத்தில் உள்ளதைச் செய்துவிட்டு அதற்கு வெளியே ஒரு அடி வைக்காத விடைகளும் அதிகரித்தன என்பதை அவரே வகுப்பில் வருத்தத்தோடு சொன்னார். திருத்திய தாள்கள் திரும்பி வர நீண்ட காலம் எடுத்தது. பிரிவு பிரிவாகப் புள்ளியும் குறிப்பும் எழுதுவதற்கு நேரம் பிடிக்கும் என்பது புரிந்தாலும், அடுத்த ஒப்படையைக் கொடுக்கும் நாளுக்கு முந்திய வாரத்தில் கிடைக்கும் பின்னூட்டம் பாதிப் பயனையே தரும்.

நிலையத்தின் மற்றப் பக்கம் இதற்கு நேர்மாறு. இன்னொரு பாட அலகில் எங்கள் தொடர் மதிப்பீட்டுப் புள்ளி, சுட்டெண்ணுக்கு எதிரே ஒரேயொரு மொத்த எண்ணாக அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. எந்த ஒப்படைக்கு எவ்வளவு, வரவுக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று அறியக் கந்தோருக்குப் போனேன். அது விரிவுரையாளரைக் கேட்க வேண்டியது என்றார்கள். விரிவுரையாளரைக் கேட்டேன், பட்டியல் கந்தோருக்குக் கொடுத்தாயிற்று என்றார். திருத்திய ஒப்படை கைக்கு வரவே இல்லை. சேரும்போது தந்த கட்டணத் தாளில் இல்லாத பரீட்சைப் பதிவுக் கட்டணமும், இரண்டு அலுமாரிகளே உள்ள நூலகத்துக்கான கட்டணமும் பின்னர் கேட்கப்பட்டன. ஓர் அரையாண்டுக் கட்டணம் என் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைவிடக் கூடுதல் என்பதைச் சொன்னால், மேலதிகமாகக் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாவும் ஏன் உறுத்துகிறது என்பது விளங்கும்.

பரீட்சை என்றால் இரகசியம் வேண்டும்தானே என்று சிலர் சொல்லக்கூடும். வேண்டும்தான். வினாத்தாள் பரீட்சைக்கு முன்னர் வெளியே வரக் கூடாது. திருத்துபவர் யார் என்பதும், இரண்டாவது முறை திருத்துபவர் யார் என்பதும் மாணவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமே, உயர்கல்வி நிறுவனங்கள் நடத்தும் பரீட்சைகள் தொடர்பில் இரகசியமாகப் பேணப்பட வேண்டிய தகவலை மறுக்க 5ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2011இல், பரீட்சார்த்தி தன் திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமையின் கீழ் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தபோதும், திருத்தியவரின் அடையாளத்தைக் காக்கலாம் என்றே சொன்னது. காக்க வேண்டியது எது, காட்ட வேண்டியது எது என்ற எல்லைக்கோடு அங்கே தெளிவாக இருக்கிறது. ஒப்படையின் பிரிவுப் புள்ளியைச் சொல்வதால் எந்த வினாத்தாளும் வெளியே போய்விடாது. நல்ல ஒரு விரிவுரையாளர் தன் விருப்பத்தில் செய்வதை நிலையம் தன் விதியாக ஆக்காதவரை, அடுத்த அரையாண்டில் அவர் வேறிடம் போனால் இந்த மதிப்பீட்டின் நல்ல பக்கம் முழுவதும் அவரோடு போய்விடும்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்டபத்தில் மின்விசிறிகள் போதாது; பங்குனி சித்திரையில் பிற்பகல் வகுப்பு தண்டனைதான். மல்டிமீடியா வேலை செய்யும். குடிநீர் உண்டு. பெண்களுக்கான கழிப்பறை சுத்தமாக இருந்தது. இதை எழுதுவதற்குக் காரணம், பிற்பகல் முழுவதும் அங்கே இருக்க வேண்டியவர்களுக்கு இது சிறிய விடயம் இல்லை. கடைசி வகுப்பு முடிந்து ஓடினால் முல்லைத்தீவுப் பேருந்தைப் பிடிக்கலாம், ஆனால் கேள்வி கேட்க நின்றால் பிடிக்க முடியாது. நேர அட்டவணையைப் போடுபவர்கள் பேருந்து நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

சேர எண்ணுபவர்களுக்கு: ஆய்வு முறையியல் பாட அலகுக்காக மட்டும் என்றால் தயங்காமல் சேரலாம், ஆனால் நீங்கள் சேரும் அரையாண்டிலும் அதே விரிவுரையாளர்தானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முழுப் பட்டத்துக்கும் சேருவதாயின், பணம் கட்டுவதற்கு முன்னர் ஒவ்வொரு பாட அலகுக்கும் எழுத்தில் அரையாண்டுத் திட்டம் தருவார்களா, ஒப்படைக்குப் பிரிவு பிரிவாகப் புள்ளி தருவார்களா, திருத்திய தாள் கையில் கிடைக்குமா என்று கந்தோரில் நேரே கேளுங்கள். வாயால் தரும் பதிலை நம்பாமல் சென்ற அரையாண்டின் தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம் என்பதை அவர்களாகச் சொல்வதில்லை, கேட்டால் மறுப்பதும் இல்லை. பற்றுச்சீட்டில் எந்தக் கட்டணம் எதற்கு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். பரீட்சைப் பதிவு நேரத்தில் அதையே திரும்பக் காட்ட வேண்டி வரும்.